ஆபரேஷன் தியேட்டரில் ஒரு தாள்



திருநாவலூர்ப் பக்கத்திலிருந்தோ கல்வராயன் மலைக் கிராமத்திலிருந்தோ ஒரு தாயை அவசர ஆபரேஷனுக்குக் கொண்டுவந்தால், குடும்பத்தார் தியேட்டர் கதவுக்கு வெளியே காத்திருப்பார்கள். உள்ளே நடப்பது அவர்களுக்குத் தெரியாது. அதை எழுதி வைக்காவிட்டால், உள்ளே இருந்தவர்களும் சில நாட்களில் மறந்துவிடுவார்கள். மறந்துபோன தவறு மறுபடியும் நேரிடும்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1893-ஆம் ஆண்டு ஹார்வி குஷிங் என்ற மருத்துவ மாணவர் ஈதர் மயக்கமருந்து கொடுத்த நோயாளி இறந்துபோனார். மனம் வருந்திய அவரும் நண்பர் எர்னஸ்ட் காட்மனும், 1894 முதல் ஆபரேஷன் நேரத்தில் நாடித்துடிப்பைத் தாளில் குறித்து வந்தார்கள். இன்றைய மயக்கமருந்துத் தாளின் தொடக்கம் அதுவே.

நம் நாட்டிலும் இதற்குச் சாட்சி உண்டு. 1885-இல் மிஷனெரிகள் தொடங்கிய டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் மருத்துவமனை, 2007-08-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில் பங்குபெற்றது. 8 நகரங்களில் 8 மருத்துவமனைகள். முதலில் 3,733 நோயாளிகளுக்கு நடந்ததை அப்படியே பதிவு செய்தார்கள். பின்பு 19 குறிப்புகள் கொண்ட ஒரு பட்டியலைக் கொடுத்தார்கள். மயக்கம் கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், நோயாளியை வெளியே அனுப்பும் முன் என மூன்று முறை அதை உரக்க வாசிக்க வேண்டும். இவர்தானா நோயாளி? கிருமிகொல்லி மருந்து கொடுத்தாயிற்றா? பஞ்சுத்துணிகளின் எண்ணிக்கை சரியா? அதன்பின் 3,955 பேரைக் கவனித்தபோது, நூற்றுக்கு 1.5 ஆக இருந்த மரணம் 0.8 ஆகவும், 11 ஆக இருந்த பின்விளைவுகள் 7 ஆகவும் குறைந்தன.

ஆனால் தாள் மட்டும் போதாது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 101 மருத்துவமனைகள் இதே பட்டியலைக் கொண்டுவந்தும் குறிப்பிடத்தக்க பலன் இல்லை என்று 2014-இல் ஓர் ஆய்வு கூறியது. கடமைக்கு டிக் அடித்தால் உயிர் பிழைக்காது. அதே மாநிலத்தின் டொராண்டோ நகரில் டாக்டர் தியோடர் கிராண்ட்சரோவ், விமானத்தின் கறுப்புப் பெட்டியைப் போன்ற ஒரு கருவியை உருவாக்கினார். தியேட்டரின் படம், பேச்சு, நாடித்துடிப்பு எல்லாம் அதில் பதிவாகும். குற்றவாளியைத் தேடுவதற்கல்ல, எங்கே இடறினோம் என்று சேர்ந்து பார்ப்பதற்கே அது.

அவ்வளவு விலையுள்ள கருவி சிறிய மருத்துவமனைக்கு எட்டாது. ஆனால் ஆக்சிஜன் அளவு காட்டும் சிறு கருவியும், ஒரு தாளும், மாதம் ஒருமுறை டாக்டரும் நர்ஸும் பயமின்றி உட்கார்ந்து அதை வாசிக்க ஒரு மணி நேரமும் எட்டும். கருவிக்காக நீங்கள் காணிக்கை அனுப்பும்போது, அது காட்டும் எண்ணை எழுதும் நர்ஸையும் நினைத்துக்கொள்ளுங்கள். கதவுக்கு வெளியே காத்திருப்பவர்களுக்காகவே அவர் எழுதுகிறார்.