மறைந்த நடிகரும் மறவா ரசிகரும்

ஒருவர் இறந்தால் அவருடைய உற்றாரும் உறவினரும் நண்பரும் வருந்துவர். இஃது இயற்கை. ஆனால் ஒரு நடிகரோ பாடகரோ மறைந்தால், அவரை ஒருமுறையேனும் நேரில் கண்டறியாத பல்லாயிரவர் கண்ணீர் சிந்துகின்றனர். இது ஏன் நிகழ்கின்றது? அவ்வருத்தம் உண்மையானதா, வெறும் ஆரவாரமா? உண்மையாயின், அதனை எவ்வாறு வெளிப்படுத்துவது முறை? இம்மூன்று வினாக்களைப் பற்றியே மாணவ மாணவியராகிய உங்களுடன் பேச விரும்புகின்றேன்.

நான் வாழும் அத்திப்பட்டு, சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் ரயில் பாதையில் உள்ள ஊர். வடசென்னை அனல் மின் நிலையமும் காமராசர் துறைமுகமும் இதன் அருகில் உள்ளன. இரவென்றும் பகலென்றும் பாராது முறை மாற்றி உழைப்போர் இங்கு மிகுதி. வேலை முடிந்து ரயிலில் வீடு திரும்பும்போது கைப்பேசியில் ஒரு நகைச்சுவைக் காட்சியைக் கண்டு சிரிப்பதே அவர்களுட் பலருக்கு ஓய்வு. 2021ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் நடிகர் விவேக் மறைந்த செய்தி வந்தபோது, இவ்வூர்த் தேநீர்க் கடைகளில் 'நம்ம விவேக் போய்விட்டாரே' என்னும் பேச்சே கேட்டது. 'நம்' என்பது பேசுவோரையும் கேட்போரையும் ஒருங்கே தழுவும் உளப்பாட்டுத் தன்மை என்று இலக்கண வகுப்பில் படித்திருப்பீர்கள். அந்த ஒரு சொல்லால் மக்கள் அவரைத் தம் குடும்பத்தில் சேர்த்துக்கொண்டனர்.

இவ்வுறவுக்கு அறிஞர் ஒரு விளக்கம் தந்துள்ளனர். அமெரிக்க நாட்டைச் சேர்ந்த டொனால்டு ஹார்ட்டன், ரிச்சர்டு வோல் என்னும் இருவர் 1956ஆம் ஆண்டு ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினர். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தோன்றுவோர், ஒவ்வொருவரிடமும் தனித்தனியே உரையாடுவது போலப் பேசுகின்றனர். கேட்போரும் நாள்தோறும் கேட்டுப் பழகி, அவர்களைத் தமக்கு நெருங்கியவராகவே உணர்கின்றனர். ஆனால் இந்நெருக்கம் ஒரு பக்கத்தில் மட்டுமே உள்ளது. இதுவே அவர்கள் கூறியதன் சாரம். ரசிகன் நடிகரின் நடையையும் நகையையும் அறிவான். நடிகரோ ரசிகனின் பெயரையும் அறியார். உறவு ஒருவழிப்பட்டது என்பது உண்மை. ஆயினும் அது தரும் மகிழ்ச்சி உண்மையானது. ஆதலின் அதன் இழப்பால் வரும் துயரமும் உண்மையானதே.

தொலைக்காட்சியில் இவ்வுறவு இன்னும் நெருக்கமுறுகின்றது. திரையரங்குக்கு நாம் சென்று நடிகரைக் காண்கின்றோம். தொலைக்காட்சி நடிகரோ நாள்தோறும் நம் வீட்டுக்கே வருகின்றார். இயக்குநரும் நடிகருமான மாரிமுத்து, 'எதிர்நீச்சல்' என்னும் தொடரில் வீட்டுப் பெண்களை அடக்கி ஆளும் கடுமையான மனிதராக நடித்தார். 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் அவர் திடீரென மறைந்தபோது, அப்பாத்திரத்தை நாள்தோறும் ஏசிய பெண்மணிகளே அவருக்காகக் கலங்கினர். பாத்திரம் வேறு, மனிதர் வேறு என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். ரசிகர் யாவரும் மயக்கத்தில் ஆழ்ந்தவர் என்று இகழ்வோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

மறைந்தோரை நினைந்து போற்றுவது தமிழர்க்குப் புதிதன்று. புறநானூற்றில் கையறுநிலை என்றொரு துறை உண்டு. பாரி மாண்டபோது கபிலரும், அதியமான் மாண்டபோது ஔவையாரும் பாடியவை அத்துறையைச் சார்ந்தவை. போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நாட்டி வழிபட்ட முறையைத் தொல்காப்பியம் கூறுகின்றது. ஆனால் ஒரு வேறுபாட்டை நோக்குக. கபிலர் பாரியுடன் பழகியவர். அவனுடைய குணத்தை நேரில் கண்டவர். இன்றைய ரசிகன் நிழலைக் கண்டவன், குரலைக் கேட்டவன். ஆகவே அவன் நினைவு, கலைஞர் செய்த பணியைப் பற்றிக்கொண்டால் நிலைபெறும். அவருடைய உருவத்தை மட்டும் பற்றிக்கொண்டால் எளிதில் வெறியாக மாறும்.

அவ்வாறு மாறியதற்கு வரலாற்றில் சான்றுகள் உள. 1926ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள், ஊமைப்பட நடிகர் ருடால்ப் வாலண்டினோ நியூயார்க் நகரில் தம் 31ஆம் வயதில் இறந்தார். அவருடலைக் காணத் திரண்ட கூட்டத்தின் நெரிசலில் கண்ணாடிகள் நொறுங்கின; பலர் காயமுற்றனர். 1987ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் எம்.ஜி.ஆர். மறைந்தபோது தமிழகத்தில் கடைகள் சூறையாடப்பட்டன. தம் உயிரையே மாய்த்துக்கொண்டவரும் உளர். 2006ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் கன்னட நடிகர் ராஜ்குமார் மறைந்தபோது பெங்களூரில் கலவரம் மூண்டது. காவலர் ஒருவர் உட்படச் சிலர் உயிரிழந்தனர். மறைந்தவர் எவரும் இவற்றை விரும்பியிருப்பாரா? ஒரு வீட்டின் துயரம் பல வீடுகளின் துயரமாகப் பெருகியதே கண்ட பயன்.

அதே ராஜ்குமார் குடும்பத்தில் பின்னர் நிகழ்ந்தது வேறு. அவர் கண்களைத் தானம் செய்தவர். அவருடைய இளைய மகன் புனித் ராஜ்குமார் 2021ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் தம் 46ஆம் வயதில் மாரடைப்பால் மறைந்தார். அவர் கண்களும் தானமாக அளிக்கப்பட்டன. கண்ணின் முன்புறத்தில் தெளிந்த கண்ணாடி போன்று உள்ள பகுதிக்குக் கருவிழிப்படலம் என்று பெயர். மருத்துவர் ஒவ்வொரு படலத்தையும் மேலடுக்கு, கீழடுக்கு எனப் பிரித்து, நால்வருக்குப் பார்வை அளித்தனர். அதன்பின் கருநாடகத்தில் கண்தானம் செய்ய முன்வந்தோர் தொகை பெருகிற்று. இங்கு ஓர் அறிவியல் செய்தியை நினைவிற் கொள்க. ஒருவர் இறந்து ஆறு மணி நேரத்துக்குள் கண்களை எடுத்தல் வேண்டும். குடும்பத்தாரின் இசைவும் வேண்டும். எனவே, விருப்பத்தைத் தாளில் எழுதி வைத்தால் மட்டும் போதாது. வீட்டாரிடம் முன்னரே சொல்லி வைத்தல் இன்றியமையாதது.

எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துத் தாமரைப்பாக்கத்திலேயே பாடகர் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் அடக்கம் செய்யப்பட்டார். கொரோனாப் பெருந்தொற்றால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவர், 2020ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள் மறைந்தார். அவர் நோயுற்றிருந்த நாளில், ஆகஸ்டு 20ஆம் நாள் மாலை ஆறு மணிக்கு, ரசிகரும் கலைஞரும் அவரவர் இடத்திலிருந்தே அவர் பாடல்களை ஒலிக்கச் செய்து கூட்டாக வேண்டுதல் செய்தனர். கூட்டம் கூடாமலேயே ஒன்றுபட இயலும் என்பதற்கு அந்நிகழ்ச்சி சான்று. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர் தமிழ்ச் சொற்களை எத்துணைத் தெளிவாக ஒலித்தார் என்பதை ஊன்றிக் கேட்பதும் அவருக்குச் செய்யும் அஞ்சலியே.

விஜயகாந்த் 2023ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் மறைந்தார். படப்பிடிப்பில் பெரிய நடிகர் முதல் கடைநிலைத் தொழிலாளி வரை யாவருக்கும் ஒரே உணவு கிடைக்க வேண்டும் என்று கருதியவர் அவர். சென்னைக் கோயம்பேட்டில் அவருடைய நினைவிடத்துக்கு வருவோர்க்கு உணவளிக்கும் வழக்கம் அதனால் தோன்றிற்று. அவர் செய்ததையே அன்பர் தொடர்ந்து செய்கின்றனர்.

இனி, விவேக்கைப் பற்றி மீண்டும் சொல்ல வேண்டும். 'சின்னக் கலைவாணர்' என்று பெயர் பெற்ற அவர், அப்துல் கலாம் அவர்களின் தூண்டுதலால் ஒரு கோடி மரக்கன்றுகள் நடுவதை நோக்கமாகக் கொண்டார். முப்பது இலக்கத்துக்கு மேல் நட்டு முடித்த நிலையில் மறைந்தார். அவர் மறைந்தபின் ரசிகர் பலர் மரக்கன்று நட்டே அஞ்சலி செலுத்தினர். ஆனால் அதே நாளில் மற்றொன்றும் நடந்தது. மறைவுக்கு இரு நாள் முன்னர் அவர் கொரோனாத் தடுப்பூசி செலுத்திக்கொண்டிருந்தார். தடுப்பூசியே உயிரைக் கவர்ந்தது என்னும் வதந்தி கைப்பேசி வழியாகப் பரவிற்று. மருத்துவர் அன்றே அதனை மறுத்தனர். தடுப்பூசிக்குப் பிந்தைய விளைவுகளை ஆராயும் மத்தியக் குழுவும், அம்மறைவுக்குத் தடுப்பூசி காரணமன்று என்று 2021ஆம் ஆண்டு அக்டோபரில் அறிவித்தது. மக்களுக்கு நம்பிக்கையூட்டவே அவர் பலர் அறியத் தடுப்பூசி செலுத்திக்கொண்டார். அவர்மீது கொண்ட அன்பினாலேயே சிலர் அவர் நோக்கத்துக்கு மாறான செய்தியைப் பரப்பினர். துயரத்தில் இருக்கும் மனம் எதையும் எளிதில் நம்பும். ஆதலின் அந்நேரத்தில்தான் ஆராய்ந்து பார்த்தல் மிகவும் தேவை.

கன்று நடுவதிலும் அறிவு வேண்டும். அன்று எங்கள் பகுதி இளைஞர் சிலரும் கன்றுகள் நட்டனர். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, கூண்டு வைத்து நீரூற்றியவை நின்றன. நட்டுப் படமெடுத்ததோடு விடப்பட்டவை பட்டுப்போயின. எங்களது உப்புக்காற்று வீசும் கடலோரப் பகுதி. பூவரசு, புங்கு, வேம்பு போன்றவை இம்மண்ணைத் தாங்கி வளரும். எந்தக் கன்றாயினும் முதல் இரண்டு, மூன்று கோடைகளில் கவனித்துக் காத்தல் வேண்டும். ஒரு நாள் கண்ணீரைவிட மூன்று கோடை நீரே மரத்துக்கு உதவும்.

சாலையில் பெரும் பதாகை கட்டுவதை அஞ்சலி என்று எண்ணற்க. 2019ஆம் ஆண்டு செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில், பதாகை ஒன்று சரிந்து விழுந்ததால் இருசக்கர வண்டியில் சென்ற இளம்பெண் ஒருவர் லாரியில் சிக்கி உயிரிழந்தார். அது திருமணத்துக்காகக் கட்டப்பட்ட பதாகை. ஆயினும் மகிழ்ச்சிக்குக் கட்டியது, துயரத்துக்குக் கட்டியது என்று காற்று வேறுபாடு காண்பதில்லை.

மாணவர்களே, உங்கள் மனத்துக்கு இனிய கலைஞர் ஒருவர் மறைந்தால் வருந்துங்கள். அதற்கு நாண வேண்டுவதில்லை. வருத்தம் தாங்க இயலாததாக இருந்தால் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ மனம் விட்டுப் பேசுங்கள். அதன்பின், அவர் உங்களுக்குத் தந்தது யாது என்று எண்ணிப் பாருங்கள். சிரிப்பைத் தந்தாரா, இசையைத் தந்தாரா, பசித்தவர்க்குச் சோறிட்டாரா, மரம் வளர்த்தாரா என்று ஒரு தாளில் எழுதுங்கள். அவற்றுள் ஒன்றை உங்களால் இயன்ற அளவில் தொடர்ந்து செய்யுங்கள். அவர் உங்கள் பெயரை அறியாது போயினும், ஒருவழியாக நின்ற உறவு அப்பொழுது உங்கள் செயலால் நிறைவுபெறும்.