மூணாறு பற்றி எழுதினால் காசு வருமா? அஃபிலியேட் கமிஷன் வேலை செய்யும் விதம்

உங்கள் பயணத் தளத்தில் உள்ள லிங்க் வழியாக ஒருவர் மூணாறில் ரூம் புக் செய்தால், புக்கிங் நிறுவனம் உங்களுக்கு ஒரு கமிஷன் தரும். இதுதான் அஃபிலியேட் வருமானம். பெரும்பாலும் அவர் தங்கி முடித்த பிறகே அது உறுதியாகும். மழைக்குப் பயந்து கேன்சல் செய்துவிட்டால் உங்களுக்கும் ஒன்றும் கிடைக்காது.

சிக்கல் என்னவென்றால், இந்தப் பக்கம் வாசகருக்கு ரொம்பத் தேவையான தகவலுக்குக் கமிஷனே கிடையாது. பரம்பிக்குளம் இருப்பது பாலக்காடு மாவட்டத்தில். ஆனால் காரில் போக பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் என்று தமிழ்நாட்டு வழிதான். இடுக்கியின் இரவிகுளம் பூங்காவை, வரையாடுகள் குட்டி போடும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வழக்கமாக மூடிவிடுவார்கள். இரண்டுக்கும் டிக்கெட் தருவது கேரள வனத்துறை. காசு வராது என்று இதையெல்லாம் விட்டுவிட்டு ரிசார்ட் லிங்க்குகளை மட்டும் அடுக்கினால், பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்பியவர் மறுபடி உங்கள் தளத்துக்கு வருவாரா?

லிங்க்கில் கமிஷன் உண்டு என்பதைக் கட்டுரையின் மேலேயே எழுதிவிடுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு ₹10 லட்சம் வரை அபராதம் போடலாம். மறுபடி செய்தால் ₹50 லட்சம் வரை. வருமான வரிக் கணக்கிலும் இந்தக் கமிஷனைக் காட்ட வேண்டும், சம்பளம் தனியாக வந்தாலும்.