பூட்டிக் கிடந்த பணம்

ஹைதராபாத்தில் கொண்டாப்பூர் என்று ஓர் இடம் இருக்கிறது. முன்பு அது சின்னக் கிராமம். இன்று எங்கு பார்த்தாலும் மாடிக் கட்டடங்கள். கட்டட வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களும் இங்கே இருக்கின்றன. மாலை நேரத்தில் அவர்களுக்கு நான் எழுதப் படிக்கச் சொல்லித் தருகிறேன்.

ஒரு நாள் வங்கிச் சீட்டு நிரப்பும் பாடம் நடந்தது. ஓர் அக்கா கேட்டார்:

"தம்பி, என்னைக் கேட்காமல் என் பணத்தை வேறு ஒருவர் பெயருக்கு மாற்றிவிட்டால் என்ன செய்வது?"

"உடனே வங்கிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் அக்கா. இந்த ஊர் அரசருக்கே அப்படி நடந்தது. அந்தப் பணம் 71 ஆண்டு மாட்டிக்கொண்டது" என்றேன்.

எல்லோரும் பென்சிலைக் கீழே வைத்தார்கள். அந்தக் கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

தனி நாடாக இருக்க ஆசை

1947-இல் வெள்ளையர் ஆட்சி போனது. இந்தியா, பாகிஸ்தான் என்று இரண்டு நாடுகள் பிறந்தன. அப்போது 500-க்கும் மேற்பட்ட அரசர்கள் தங்கள் பகுதிகளை ஆண்டு வந்தார்கள். பெரும்பாலோர் இந்தியாவோடு சேர்ந்தார்கள்.

ஹைதராபாத்தை ஆண்டவர் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான். அவர் சேரவில்லை. தனி நாடாக இருக்க விரும்பினார். இந்தியாவோடு ஓராண்டுக்கு ஓர் ஒப்பந்தம் மட்டும் செய்தார். பிறகு ஐக்கிய நாடுகள் சபையிலும் அவரது அரசு முறையிட்டது.

1948 செப்டம்பர் 13 அன்று இந்தியப் படை ஹைதராபாத்துக்குள் நுழைந்தது. செப்டம்பர் 17 அன்று நிஜாம் பணிந்தார். ஹைதராபாத் இந்தியாவின் பிடிக்குள் வந்தது. அதற்கு முன்பு ரஜாக்கர் என்ற படையினர் மக்களைத் துன்புறுத்தினார்கள். பின்பு நடந்த கலவரத்தில் முஸ்லிம் மக்கள் பலர் கொல்லப்பட்டார்கள். இரண்டு காலத்திலும் உயிர் இழந்தவர்கள் சாதாரண மக்களே.

லண்டனில் ஒரு கையெழுத்து

நிஜாம் அரசுக்கு லண்டன் வங்கி ஒன்றில் கணக்கு இருந்தது. அமைச்சர் மொயின் நவாஸ் ஜங் வெளிநாட்டில் இருந்தார். அந்தக் கணக்கில் கையெழுத்துப் போடும் உரிமை அவருக்கு இருந்தது.

1948 செப்டம்பர் 20 அன்று அந்தப் பணம் வேறு கணக்குக்கு மாறியது. அந்தக் கணக்கு யார் பெயரில் இருந்தது? லண்டனில் இருந்த பாகிஸ்தான் தூதர் ரஹீம்தூலா பெயரில்! தொகை 10 லட்சத்து 7 ஆயிரத்து 940 பவுண்டு, 9 ஷில்லிங்.

ஒரே வாரத்தில் நிஜாம் வங்கிக்குச் செய்தி அனுப்பினார். "என் அனுமதி இல்லாமல் மாற்றிவிட்டார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்" என்று கேட்டார். பாகிஸ்தானோ, பணம் தனக்கே என்றது. வங்கி யாருக்கும் கொடுக்கவில்லை.

ஏன் இத்தனை ஆண்டு?

1954-இல் நிஜாம் வழக்குப் போட்டார். ஆனால் நாடுகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒரு நாட்டு அரசை அதன் சம்மதம் இல்லாமல் இன்னொரு நாட்டு நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது. பாகிஸ்தான் இதைச் சொல்லித் தப்பியது. 1957-இல் வழக்கு நின்றுபோனது.

1967-இல் நிஜாம் இறந்தார். பணம் அப்படியே கிடந்தது. வட்டி மட்டும் ஏறியது.

2013-இல் பாகிஸ்தானே பணம் கேட்டு வழக்குப் போட்டது. அங்கேதான் கதை திரும்பியது. நானே வழக்குப் போட்டுவிட்டு, என்னை விசாரிக்காதே என்று சொல்ல முடியுமா? பழைய பாதுகாப்பு போய்விட்டது.

இந்தியாவும் நிஜாமின் பேரன்கள் இருவரும் ஒன்றாக நின்று வாதாடினார்கள். 2019 அக்டோபர் 2 அன்று லண்டன் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பணம் பாகிஸ்தானுக்கு இல்லை. இந்தியாவுக்கும் பேரன்களுக்கும் உரியது. அதற்குள் பணம் சுமார் 3.5 கோடி பவுண்டு ஆகியிருந்தது. நம் பணத்தில் 300 கோடி ரூபாய்க்கு மேல்.

அக்காவின் கேள்வி

கதை முடிந்தது. அக்கா விடவில்லை.

"அரசாங்கக் கணக்கில் இருந்த பணம் என்றாய். அப்படியானால் அந்தக் காலத்து விவசாயி கட்டிய வரியும் அதில் இருக்கும் அல்லவா?"

"இருக்கும் அக்கா."

"அவர் பெயர் அந்தக் காகிதங்களில் எங்கே இருக்கிறது?"

எனக்குப் பதில் வரவில்லை. அரசர், அமைச்சர், தூதர் பெயர் எல்லாம் இருக்கிறது. வரி கட்டியவர் பெயர் இல்லை. அவருக்குக் கையெழுத்துப் போடவும் தெரிந்திருக்காது.

அன்று அக்கா சீட்டை நிரப்பினார். கீழே தன் பெயரை முழுதாக எழுதினார். மேலே இருந்ததை இரண்டு முறை படித்த பிறகுதான் எழுதினார்.

பேசிப் பாருங்கள்

1. ஒரு நாட்டின் பணம் ஆள்பவருக்குச் சொந்தமா, மக்களுக்குச் சொந்தமா?
2. உங்கள் ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கைக் கிராம சபையில் கேட்டதுண்டா?
3. கையெழுத்துப் போடும் முன் என்னென்ன படித்துப் பார்க்க வேண்டும்?