மலையில் எந்தப் பள்ளிக்கூடம் நல்ல பள்ளிக்கூடம்?

"பாஸ்" சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்! கொல்லிமலைப் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள்

அரியூர் நாடு-

காரவள்ளியில் ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். அத்தனையும் தாண்டி வந்தால்தான் அரியூர் நாடு.

மாசிலா அருவியில் குளிக்க வரும் வெளியூர்க்காரர்கள் சாயங்காலம் இறங்கிப் போய்விடுவார்கள். மலையிலேயே இருக்கிறவர்களுக்கு வருஷா வருஷம் ஒரு தலைவலி. பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது?

மலைக்குக் கீழே நாமக்கல், ராசிபுரம் வட்டாரம் தனியார் விடுதிப் பள்ளிகளுக்குப் பேர் போனது. ஒரு காலத்தில் "மாநிலத்தில் முதல் இடம்" என்று போஸ்டர் ஒட்டுவார்கள். 2017-ம் ஆண்டு ரேங்க் அறிவிப்பையே தமிழக அரசு நிறுத்திவிட்டது. ஆனாலும் மோகம் குறையவில்லை.

மிளகும் மரவள்ளியும் விற்கிற மலையாளிக் குடும்பம் அந்தப் பீஸ் கட்ட முடியுமா? அவர்களுக்கு அரசு பள்ளிக்கூடம்தான் கதி.

மூன்று வகை!

அரசு பள்ளி என்றாலும் எல்லாம் ஒன்றல்ல. மலையில் மூன்று வகை இருக்கிறது.

ஒன்று, பள்ளிக் கல்வித் துறை நடத்தும் பள்ளி. காலையில் போய் மாலையில் வீடு திரும்பலாம்.

இரண்டாவது, பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளி. சாப்பாடு, தங்குமிடம் இலவசம்.

மூன்றாவது, ஏகலைவா மாதிரி உறைவிடப் பள்ளி. 1997-98-ல் மத்திய அரசு தொடங்கிய திட்டம் இது. 6-ம் வகுப்பு முதல் பிளஸ்-2 வரை அங்கேயே தங்கிப் படிக்கலாம். கொல்லிமலையில் செங்கரையில் இருக்கிறது. ஆனால் இடம் குறைவு. கேட்டவர்களுக்கு எல்லாம் கிடைக்காது.

எங்கே போச்சு மீதிப் பிள்ளைகள்?

மே மாதம் வந்தால் "நூற்றுக்கு நூறு பாஸ்" என்று பேசிக்கொள்வார்கள். இங்கேதான் உஷாராக இருக்க வேண்டும்.

ஒரு பள்ளியில் 20 பேர் பரீட்சை எழுதி 20 பேரும் பாஸ் என்று வைத்துக்கொள்வோம். 100 சதவீதம்! ஆனால் அதே வகுப்பு 6-ம் வகுப்பில் இருந்தபோது 35 பேர் இருந்திருந்தால்? மீதி 15 பேர் எங்கே?

இன்னொரு பள்ளியில் 35 பேரும் கடைசி வரை இருந்து, 30 பேர் பாஸ். சதவீதம் 86-க்குக் கீழேதான். ஆனால் எது நல்ல பள்ளி? 30 பிள்ளைகளைக் கரையேற்றிய பள்ளிதானே!

மிளகு சீசன் வில்லங்கம்

மலையில் மிளகு பறிக்கிற காலமும் பொதுத்தேர்வு நெருங்குகிற காலமும் ஏறக்குறைய ஒன்று. அப்பனும் ஆத்தாளும் கொடியில் ஏறும்போது பெரிய பிள்ளை வகுப்பில் இருக்காது. ஒன்று கூட மாட வேலைக்குப் போகும். இல்லாவிட்டால் வீட்டில் சின்னதைப் பார்த்துக்கொள்ளும்.

விடுதிப் பள்ளியில் இந்தத் தொல்லை குறைவு. அதற்காக விடுதி என்றாலே கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடக் கூடாது. தண்ணீர் வருகிறதா? ராத்திரி வார்டன் தங்குகிறாரா? பெண் பிள்ளைகள் கழிவறைக்குக் கதவும் தாழ்ப்பாளும் இருக்கிறதா? நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

5 கிலோ மீட்டர் கணக்கு

உயர்நிலைப்பள்ளி 5 கிலோ மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது 2009-ல் வந்த மத்திய அரசு திட்டத்தின் கணக்கு. சமவெளியில் 5 கிலோ மீட்டர் என்றால் சைக்கிள் மிதிக்கலாம். மலையில் அது ஏற்றம், இறக்கம், காடு, மழை. பஸ் தவறினால் அன்றைக்கு லீவுதான்.

இதில் முதலில் அடிபடுவது பெண் பிள்ளைகள். "தூரமா இருக்கு, போதும் நின்னுடு" என்று ஒரு வார்த்தை. அடுத்தது கல்யாணப் பேச்சு! 18 வயதுக்கு முன் கல்யாணம் செய்தால் 2006-ம் ஆண்டு சட்டப்படி குற்றம். யாராவது முயன்றால் 1098-க்குப் போன் செய்யலாம்.

அவசரப்பட்டால் நஷ்டம்!

நடுவில் ஒரு வருஷம் கடன் வாங்கித் தனியார் பள்ளியில் சேர்க்கிற பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்.

2020-ம் ஆண்டு சட்டப்படி, அரசு பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடம் உண்டு. 2021-ல் இன்ஜினீயரிங் போன்ற படிப்புகளுக்கும் இது வந்தது. 6-ம் வகுப்பு முதல் பிளஸ்-2 வரை அரசு பள்ளியில் படித்திருக்க வேண்டும். பழங்குடியினர் நலத்துறைப் பள்ளிகளும் இதில் சேர்த்தி. நடுவில் பீஸ் கட்டி வெளியே போனால் அந்த வாய்ப்பு போச்சு!

சாதிச் சான்றிதழையும் கடைசி நேரத்துக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. பழங்குடியினருக்கான ஒதுக்கீட்டுக்கு அதுதான் சாவி.

என்ன கேட்க வேண்டும்?

சேர்க்கும் முன் பெற்றோர் கேட்க வேண்டியவை:-

* 6-ம் வகுப்பில் எத்தனை பேர் சேர்ந்தார்கள்? 10-ம் வகுப்பு எத்தனை பேர் எழுதினார்கள்?

* கணக்குக்கும் சயன்சுக்கும் தனித்தனி வாத்தியார் உண்டா? அவர்கள் மலையில் தங்குகிறார்களா, தினம் கீழே இருந்து வருகிறார்களா?

* பிளஸ்-2 வரை அங்கேயே இருக்கிறதா? இல்லை என்றால் அடுத்த பள்ளி எவ்வளவு தூரம்?

* பள்ளி மேலாண்மைக் குழு கூடுகிறதா?

அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டம். "நமக்கு என்ன தெரியும்?" என்று ஒதுங்கி நிற்காமல் உள்ளே போய் உட்கார்ந்து கேட்கலாம்.

மிளகு வாங்க வரும் வியாபாரியிடம் தராசைத் திருப்பிக் காட்டச் சொல்லிக் கேட்கிறவர்கள் மலைக்காரர்கள். பிள்ளை படிப்பு விஷயத்திலும் அப்படிக் கேட்க வேண்டியதுதானே!