கடுவெளிச் சித்தர் பாட்டும் 'கொலவெறி'யும்

மரக்காணத்து உப்பளங்களுக்குத் தெற்கே, வானூர் வட்டத்தில் உள்ளது இரும்பை. சம்பந்தர் பாடிய இரும்பைமாகாளம் இதுவே. கடுவெளிச் சித்தர் ஈண்டு வாழ்ந்தார் என்பது ஊர் வழக்கு. அவர் பெயரால் வழங்கும் ஆனந்தக் களிப்பில், குயவனை வேண்டிப் பெற்ற தோண்டியை ஆடிக் களித்து உடைத்த ஆண்டியின் பாட்டு நாடறிந்தது. ஆண்டி வேண்டிநின்ற பத்துத் திங்களை இரண்டு எண்களாகப் பிரித்துக் கூறியிருத்தலை நோக்குவார்க்குத் தோண்டி உடம்பே என்பது புலனாகும். புலனாகாமலே பாடுவோர் மிகப் பலர். பொருள் பின்னிற்கச் சந்தமே முன்சென்று அதனைப் பரப்பிற்று எனலாம்.

இந்நெறியே நம் காலத்து 'கொலவெறி'ப் பாட்டிலும் காண்கின்றோம். தனுஷ் எழுதிப் பாட, அனிருத் இசையமைத்த இப்பாட்டு 2011 நவம்பர் 16 அன்று யூடியூபில் வெளியாயிற்று. அது இடம்பெற்ற '3' என்னும் படம் வெளிவந்ததோ 2012 மார்ச்சில். படம் வருமுன்னரே பாட்டு உலகைச் சுற்றி வந்துவிட்டது. காட்சியிலும் ஆடம்பரம் இல்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் நின்று சிரித்துக்கொண்டே பாடுகின்றனர். இதனை நாமும் செய்யலாமே என்று கண்டோர் துணிந்தனர். போலிப் பாட்டுகளும் எதிர்ப்பாட்டுகளும் பல மொழிகளில் எழுந்தன.

இது தமிழைச் சிதைத்தது என்பார் உளர். எமக்கு அஃது உடன்பாடன்று. வளைந்தது ஆங்கிலமே. மொழியிறுதியில் நிற்கும் மெய்கள் 11 எனத் தொல்காப்பியர் வரையறுத்தார்; டகரம் அவற்றுள் இன்று. ஆகவே இரவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் 'நைட்டு' என உகரம் பெறுதல் நம் மொழியியல்பே. னகரமோ இறுதியில் நிற்கும் உரிமையுடையது. ஆயினும் பேச்சில் மீன் 'மீனு' ஆவது போலத் திங்களைக் குறிக்கும் 'மூன்' என்பதும் 'மூனு' ஆயிற்று. நகை பிறப்பது இவ்வுகரத்திலேதான்! எளிய ஆங்கிலச் சொற்கள் அயலார்க்கும் விளங்கின. விளங்காது நின்ற தமிழ்ச்சொல்லையோ அவரவர் தத்தம் கருத்திற்கேற்ப வழங்கினர்.

வடநாட்டார் அதனைக் 'கோலாவேரி' என நீட்டி ஒலித்தனர். கொலையும் போயிற்று, வெறியும் போயிற்று. 'வேரி' என்பது தமிழில் கள்ளுக்குப் பெயர். பாடுவோன் காதலில் தோற்றுக் குடித்துப் புலம்புவோன் ஆதலின், அறியாது நேர்ந்த இத்திரிபு அவனுக்குப் பொருந்தியே அமைந்தது.