கொத்தவரைப் பிசினும் பெருங்குடல் மருந்தும்

தாம்பரம் சந்தையில் பிஞ்சாகப் பார்த்துப் பொறுக்கும் கொத்தவரங்காயைச் செடியிலேயே முற்றவிட்டால், அதன் விதையிலிருந்து குவார் கம் என்ற பிசின்மாவு கிடைக்கும். ஐஸ்கிரீமைக் கெட்டியாக்கும் இந்த மாவுக்கு இன்னொரு வேலையும் தெரியும்: பெருங்குடல் புண்ணுக்கான மருந்தை வழியில் சிந்தாமல் கொண்டுசேர்ப்பது. சாதாரண மாத்திரை இரைப்பையிலும் சிறுகுடலிலுமே கரைந்து ரத்தத்தில் கலந்துவிடும்; புண் உள்ள இடத்துக்குக் கொஞ்சமே போய்ச் சேரும், பக்கவிளைவோ உடம்பு முழுக்க. கொத்தவரைப் பிசின் கலந்த மாத்திரையில் ஈரம் பட்டதும் மேற்புறம் உப்பி வழவழப்பான கூழாகி, உள்ளிருக்கும் மருந்தைப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பிசினின் மான்னோஸ் சர்க்கரைச் சங்கிலியை அறுக்கும் நொதி நம் உடலில் சுரப்பதில்லை. பெருங்குடல் பாக்டீரியாக்களிடம் இருக்கிறது; அதனால் கூழ் அங்கே போய்த்தான் சிதையும்.

இது வெறும் ஊகமல்ல. விசாகப்பட்டினம் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் ஒய்.எஸ்.ஆர். கிருஷ்ணய்யா குழுவினர் 1998-இல் இண்டோமெதசின் என்ற வலிநிவாரணி மருந்தை இந்தப் பிசினோடு சேர்த்து மாத்திரையாக்கிச் சோதித்தார்கள். இரைப்பை, சிறுகுடல் சூழலை ஒத்த கரைசல்களில் மருந்து முழுவதுமாக வெளியேறிவிடவில்லை. எலியின் பெருங்குடல் தொடக்கப்பையில் இருப்பதைச் சேர்த்ததும் பிசின் சிதைந்து மருந்து வெளிவந்தது. எலிகளுக்கு முன்கூட்டியே 3 நாள் இதே பிசினைக் கொடுத்திருந்தால் இன்னும் கூடுதலாக வந்தது. பிசினைத் தின்னும் நொதிகள் பெருகியதே காரணம். பிறகு மனிதர்களிடமும், கதிரியக்கச் சுவடு சேர்த்த மாத்திரையைக் காமா கேமராவில் தொடர்ந்தபோது, சுவட்டின் பெரும்பகுதி பெருங்குடலில்தான் இறங்கியது.

காரத்தன்மை கூடினால் கரையும் செயற்கைப் பூச்சு ஏற்கெனவே இருக்க, பிசின் எதற்கு என்று கேட்கலாம். சிறுகுடலின் கடைசிப் பகுதியைவிடப் பெருங்குடலின் தொடக்கத்தில் காரத்தன்மை குறைவு. அழற்சி வந்த குடலில் அந்த அளவு மாறவும் செய்யும். அதனால் சில மாத்திரைகள் கரையாமல் முழுதாகவே வெளியேறிவிடுகின்றன. பிசினை நம்புவதிலும் சிக்கல் உண்டு: ஆன்டிபயாடிக் சாப்பிட்டவரிடம் பாக்டீரியா குறையும், வயிற்றுப்போக்கு உள்ளவரிடம் மாத்திரை தங்காது. இந்த ஆட்சேபம் சரியானதே. ஆனால் அது பிசினை ஒதுக்கச் சொல்லவில்லை, துணை சேர்க்கச் சொல்கிறது. லண்டன் பல்கலைக்கழகப் பார்மசி பள்ளியின் ஆய்வாளர்கள் அந்தச் செயற்கைப் பூச்சோடு பிசினைப் போலவே சிறுகுடலில் செரிக்காமல் பாக்டீரியாவால் சிதையும் மாவுச்சத்தைக் கலந்தார்கள். ஒன்று தவறினாலும் மற்றொன்று திறக்கும். பல்லாவரம், பொத்தேரி பார்மசி கல்லூரிகளில் இந்தத் துறைக்கு வரும் மாணவர்கள் மனதில் வைக்க வேண்டியதும் இதுவே: அமிலத்திலும் காரத்திலும் மட்டும் நடத்தும் சோதனை, மாத்திரை தாங்குமா என்பதைத்தான் சொல்லும். திறக்குமா என்பதைப் பாக்டீரியாவைச் சேர்த்த சோதனைதான் சொல்லும்.