கேட்கத் தெரிந்தவர்க்கும் வேலை உண்டு

குமரி மாவட்டத்திலிருந்து திருவனந்தபுரம் வந்து குடியேறிய நம் குடும்பங்களுக்குக் கழக்கூட்டம் என்றாலே டெக்னோபார்க்தான். 1990-ஆம் ஆண்டு கேரள அரசு தொடங்கிய இது, நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்கா. 1995-இல் பிரதமர் நரசிம்ம ராவ் இதை நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

அங்கே வேலை கிடைக்க கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதத் தெரிந்தே ஆக வேண்டும் என்று பெற்றோர் பலர் எண்ணுகிறோம். பி.காம். படித்த பிள்ளை ஒதுங்கி நிற்கிறது. 'பிஸினஸ் அனலிஸ்ட்' என்னும் வணிகப் பகுப்பாய்வாளர் வேலையை நாம் அறியாததே காரணம்.

ஒரு மருத்துவமனை, "சீட்டு இன்னும் வேகமாக அச்சாக வேண்டும்" என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். பகுப்பாய்வாளர் உடனே தலையாட்டமாட்டார். காலையில் வரிசையருகே நின்று பார்ப்பார். தாமதம் அச்சில் இல்லை, பழைய நோயாளியிடமும் பெயர், முகவரியை மறுபடி கேட்பதில்தான் என்று கண்டறிவார். அதை மருத்துவமனையும் மென்பொருள் எழுதுவோரும் ஒப்புக்கொள்ளும்படி எழுதித் தருவார். இவர் தவறினால், எழுதிய மென்பொருள் எவ்வளவு நன்றாயிருந்தாலும் பணம் வீண்தான்.

இத்தொழிலுக்கென 2003-இல் கனடாவின் டொராண்டோவில் ஒரு சர்வதேச அமைப்பு உருவானது. சுருக்கமாக ஐ.ஐ.பி.ஏ. என்பார்கள். புதிதாக வருவோர்க்கு அது வழங்கும் சான்றிதழ் இ.சி.பி.ஏ.; இதற்கு முன் அனுபவம் தேவையில்லை. உயர்நிலையான சி.பி.ஏ.பி.-க்கோ, கடந்த பத்தாண்டுகளில் 7,500 மணி நேரம் இத்துறையில் உழைத்திருக்க வேண்டும். நாளுக்கு எட்டு மணி என்றால் தொள்ளாயிரம் நாளுக்கு மேல்! பெற்ற பிறகும் மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

ஆகவே, "மூன்றே மாதத்தில் உயர்நிலைச் சான்றிதழ்" என்று யாராவது விளம்பரம் செய்தால் நகையை அடகு வைத்துவிடாதீர்கள். கட்டணம் கட்டுமுன் கேளுங்கள்: எந்தச் சான்றிதழ்? யார் வழங்குவது? கற்பிப்பவர் எத்தனை ஆண்டு இவ்வேலை பார்த்தவர்? உண்மையான ஒரு பணியை எடுத்துப் பயிற்சி தருவார்களா?

நம் பிள்ளைகளிடம் ஒரு முதல் ஏற்கெனவே இருக்கிறது. வங்கியில் பாட்டி தமிழில் சொல்வதைக் கேட்டு, எழுத்தரிடம் மலையாளத்தில் விளக்கி, ஆங்கிலப் படிவத்தை நிரப்பிப் பழகியவர்கள் அவர்கள். ஒருவர் தேவையை மற்றவர்க்குப் புரியவைக்கும் வேலைதானே அது? அந்தப் பழக்கத்தை முறையாக வளர்க்கத்தான் பயிற்சி. இம்முறை பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பேசும்போது, இந்த வேலையையும் சேர்த்துப் பேசுங்கள்.